ராஜேஷ் கன்னா: செத்துச் செத்து வாழ்ந்த நடிகர்

கேள்வி: ராஜேஷ் கன்னாவை இந்தி சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் என்கிறார்கள். அப்படி என்ன செய்துவிட்டார்? அமிதாப் பச்சன் வந்ததும் காணாமல் போனது ஏன்?

எனக்கு ராஜேஷ் கன்னா அறிமுகமானதே ஒரு சாவில்தான்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் இரண்டே வீடுகளில் டிவி இருந்தது. தூர்தர்ஷனில் வாரம் ஒரு இந்திப் படம் போடுவார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தெருவே கூடிவிடும். என் சித்தி இந்தி பிரசார சபா தேர்வில் மத்யமா வரை தேறியவர் என்பதால் அந்தக் கூடத்துக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். பாதி இந்தி, மீதி ஊகம். அன்று ‘ஆனந்த்’ படம். படம் முழுவதும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் கடைசியில் கட்டிலில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறான். மருந்து வாங்கப் போய்த் திரும்பிய டாக்டர் நண்பர், பேசு, ஏதாவது பேசு என்று அவனிடம் கத்துகிறார். அப்போது அறைக்குள் “பாபுமோஷாய்!” என்று அவன் குரல் கேட்கிறது (வங்காளியான அந்த டாக்டரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்). செத்தவன் பேசவில்லை, பக்கத்தில் டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. என்றோ விளையாட்டாகப் பதிவு செய்த பேச்சும் சிரிப்பும். சித்தி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். “என்னடி சொல்கிறான்?” என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டதற்கு, “சும்மா இருங்கள் பாட்டி, கேட்கிறேன்” என்றார்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில் அந்தக் கட்டிலிலேயே இருக்கிறது. ராஜேஷ் கன்னாவைப்போல் திரையில் செத்து, பார்ப்பவர்களைக் கட்டிப்போட்ட நாயகன் இந்தியில் அதற்குமுன் இல்லை என்பேன். ‘ஆராதனா’வில் விமான விபத்தில் சாகிறார் (அதே படத்தில் மகனாகத் திரும்பி வந்துவிடுவார், அது வேறு). ‘சஃபர்’ படத்தில் புற்றுநோய். ‘அந்தாஸ்’ படத்தில் கொஞ்ச நேரமே வருகிறார். மோட்டார் சைக்கிளில் ஒரு பாட்டைப் பாடிவிட்டு விபத்தில் போய்ச் சேர்கிறார், ஆனால் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்தப் பாட்டுத்தான் முதலில் ஞாபகம் வருகிறது. ‘ஆனந்த்’ படத்தில் மறுபடி புற்றுநோய். ‘நமக் ஹராம்’ எடுத்தபோது இரண்டு நாயகர்களில் சாகப்போவது யார் என்பதை இயக்குநர் ஹிருஷிகேஷ் முகர்ஜி கடைசிவரை வெளியே விடவில்லை என்றும், சாவுதான் கைதட்டல் வாங்கும் என்று தெரிந்ததால் அதற்கே போட்டி இருந்தது என்றும் ஒரு கதை உண்டு. வென்றவர் கன்னாதான். படத்தில் அவர்தான் செத்தார்.

இனி ஆளைப் பற்றி. 1942 டிசம்பர் 29 அன்று அமிர்தசரஸில் பிறந்தவர். இயற்பெயர் ஜதின். பெற்றோரின் உறவினர்கள் தத்தெடுத்து பம்பாய் கிர்காவில் வளர்த்தார்கள். ரயில்வே ஒப்பந்ததாரர் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. பிளாட்பாரத்தில் படுத்துப் பட்டினி கிடந்து மேலே வந்த நட்சத்திரக் கதையை இவரிடம் தேடாதீர்கள். வாய்ப்புத் தேடிய நாளிலேயே சொந்தக் காரில் போய் இறங்கியவர். பள்ளித் தோழன் ரவி கபூர் பின்னாளில் ஜீதேந்திரா ஆனார். செல்லப் பெயர் ‘காக்கா’. நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் பஞ்சாபியில் சின்னப் பையன் என்று பொருள். உச்சத்தில் இருந்தபோது, மேலே ஆண்டவன் கீழே காக்கா என்று பம்பாயில் ஒரு வசனமே உலவியது. இதைச் சித்தியிடம் சொன்னபோது, “நம் ஊரில் காக்கா மேலேதானே பறக்கும்” என்றார்.

1965இல் பம்பாயின் பெரிய தயாரிப்பாளர்கள் சிலர் ஒன்றுகூடி, ஃபிலிம்ஃபேர் பத்திரிகையோடு சேர்ந்து புதுமுகப் போட்டி நடத்தினார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்ததாகச் சொல்வார்கள். அம்மாவிடம் பேசும் ஒரு வசனத்தைக் கொடுத்து நடிக்கச் சொன்னார்களாம். அந்த அம்மா பணக்காரியா, ஏழையா, படித்தவளா, எதுவும் சொல்லாமல் எப்படி நடிப்பது என்று நடுவர்களையே இவர் திருப்பிக் கேட்டாராம். பிற்காலப் பேட்டிகளில் அவரே சொன்ன கதை. கொஞ்சம் மெருகு ஏற்றியிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆள் அப்படித்தான். போட்டியில் வென்றார். பெண்களில் வென்றவர் ஃபரீதா ஜலால். முதல் படம் 1966இல் சேத்தன் ஆனந்த் இயக்கிய ‘ஆக்ரி கத்’. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1969இல் ‘ஆராதனா’ வந்தது. டார்ஜிலிங் மலையில் பொம்மை ரயில் ஓடுகிறது, பக்கத்துச் சாலையில் ஜீப். சுஜித் குமார் ஓட்ட, கன்னா ‘மேரே சப்னோன் கி ராணி’ பாடிக்கொண்டு வருகிறார். ரயில் ஜன்னலோரம் ஷர்மிளா டாகூர் கையில் நாவலோடு ஓரக்கண்ணால் பார்க்கிறார். உண்மையில் இருவரும் ஒரே இடத்தில் இல்லவே இல்லை. ஷர்மிளா அப்போது சத்யஜித் ராயின் படத்தில் இருந்ததால் அவர் பகுதியைப் பிறகு ஸ்டுடியோவில் தனியே எடுத்து ஒட்டினார்கள். இந்தத் தகவல் தெரிந்த பிறகு பாட்டை மறுபடி பார்த்தேன். அவர் கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து அழைப்பது ஆளில்லாத ஜன்னலை. அந்தக் காலி இடத்தில் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்களை உட்காரவைத்துக்கொண்டார்கள். ரத்தத்தில் எழுதிய காதல் கடிதங்கள், கார் முழுக்க உதட்டுச்சாய முத்தங்கள் என்று நீங்கள் படித்திருக்கும் கதைகள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

அதே படத்தில் ‘ரூப் தேரா மஸ்தானா’ என்று இன்னொரு பாட்டு. மழையில் நனைந்த இருவர், ஓர் அறை, நடுவில் கணப்பு. சுமார் மூன்றரை நிமிடப் பாட்டு முழுவதையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்தார் சக்தி சாமந்தா. கேமரா வட்டமிட்டுக்கொண்டே இருக்கிறது. கன்னா செய்வது மிகக் கொஞ்சம், நெருங்குகிறார், நிற்கிறார், அவ்வளவுதான். மீதியைச் செய்வது கிஷோர் குமாரின் குரல். அந்தப் பாட்டுக்குத்தான் கிஷோருக்கு முதல் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. கன்னாவின் வெற்றியில் பாதியைக் கிஷோருக்கு எழுதிவைப்பது நியாயம். இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மனுக்கும் பாடலாசிரியர் ஆனந்த் பக்ஷிக்கும் மிச்சத்திலிருந்து பங்கு கொடுக்க வேண்டும்.

அதிலிருந்து 1971வரை தொடர்ந்து 15 வெற்றிப் படங்கள் என்பார்கள். 17 என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. ‘அமர் பிரேம்’ படத்தில் ஹவுரா பாலத்தின்கீழ் படகில் ஒரு பாட்டு. கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று கல்கத்தாவில் அனுமதி மறுத்துவிட்டார்கள். பம்பாய் ஸ்டுடியோவில் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டு எடுத்தார்கள்.

நம் பக்கமும் இவருக்குக் கணக்கு உண்டு. ‘ஆராதனா’வை ‘சிவகாமியின் செல்வன்’ என்றும், ‘துஷ்மன்’ படத்தை ‘நீதி’ என்றும் சிவாஜி நடித்தார். ‘சச்சா ஜூட்டா’தான் எம்.ஜி.ஆரின் ‘நினைத்ததை முடிப்பவன்’. ஆனால் முக்கியமான தமிழ்த் தொடர்பு சாண்டோ சின்னப்பா தேவர். யானைப் படம் ஒன்றை இந்தியில் எடுக்கக் கன்னாவிடம் போனார். அப்போது கன்னாவுக்குக் கார்ட்டர் சாலையில் நடிகர் ராஜேந்திர குமாரின் பங்களா மேல் ஒரு கண், அதற்குப் பணம் தேவை. ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் கதை பிடிக்கவில்லை. எழுத்துத் துறையில் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்த சலீம், ஜாவேத் என்ற இரண்டு இளைஞர்களிடம் கொடுத்து, இதைத் தேற்றித் தாருங்கள் என்றார். அதுதான் 1971இல் ஓடு ஓடென்று ஓடிய ‘ஹாத்தி மேரே சாத்தி’. அடுத்த ஆண்டே தேவர் அதை எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ ஆக்கினார். பங்களா ‘ஆசீர்வாத்’ ஆயிற்று.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இங்கேதான் வர வேண்டும். அந்த சலீம்-ஜாவேத்துதான் அமிதாபை நாயகனாக்கிய ‘சஞ்சீர்’ படத்தை 1973இலும் ‘தீவார்’ படத்தை 1975இலும் எழுதினார்கள். கோபக்கார இளைஞனைக் கட்டி எழுப்பியவர்கள் கன்னா வாசல் திறந்துவிட்ட அதே இருவர். விலைவாசி, வேலையின்மை, வேலைநிறுத்தம் என்று நாடு கொதித்த ஆண்டுகள் அவை. குர்தா போட்டுக்கொண்டு சிரித்தபடி சாகிறவனை விட, திருப்பி அடிக்கிறவன் மக்களுக்குத் தேவைப்பட்டான். ‘ஆனந்த்’ படத்தில் கட்டிலருகே நின்று கத்திய டாக்டர் அமிதாப்தான் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ‘காணாமல் போனார்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘சஞ்சீர்’ வந்த அடுத்த ஆண்டு, 1974இல், ‘ஆப் கி கசம்’, ‘பிரேம் நகர்’, ‘ரோட்டி’ மூன்றும் ஓடின. சரிவு அதற்குப் பிறகுதான், அதுவும் படிப்படியாக. ‘ஆராதனா’ எடுத்த அதே சக்தி சாமந்தாவின் ‘மெஹபூபா’கூட 1976இல் எடுபடவில்லை. இதில் அமிதாபின் பங்கை விட அவருடைய சொந்தப் பங்கு அதிகம் என்பது என் கட்சி. கண் சுருக்கலும் தலையாட்டலும் முதலில் தானாக வந்தவை, பிறகு கேட்டால் எடுத்துக்கொடுக்கும் சரக்காகிவிட்டன. படப்பிடிப்புக்கு மணிக்கணக்கில் தாமதம், வீட்டில் இரவெல்லாம் துதிபாடிகளின் தர்பார். 1973இல் பிபிசி இவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தது. தன் புகழைத் தானே வியந்துகொண்டிருக்கும் ஒருவர் அதில் தெரிகிறார்.

அதே ஆண்டு மார்ச்சில் டிம்பிள் கபாடியாவைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு முப்பது, டிம்பிளுக்குப் பதினாறுகூட நிரம்பவில்லை. நடித்துக்கொண்டிருந்த முதல் படம் ‘பாபி’ வெளியாகும் முன்பே கல்யாணம். வந்து, நாடே கொண்டாடிய பிறகு அந்தப் பெண் பல ஆண்டுகள் நடிக்கவே இல்லை. அன்று பத்திரிகைகள் இதைக் கனவுக் கல்யாணம் என்று எழுதின. இன்று அதை அப்படிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. 1982இல் பிரிந்தார்கள், விவாகரத்து செய்துகொள்ளவில்லை.

1983இல் ‘அவ்தார்’. பிள்ளைகள் துரத்திவிட்ட வயதான மெக்கானிக்காக வந்து, தான் நடிகன் என்று மறுபடி காட்டினார். (தமிழில் அது சிவாஜியின் ‘வாழ்க்கை’.) அந்த வழியிலேயே வயதுக்கேற்ற வேடங்களைப் பிடித்துப் போயிருக்கலாம், ஆனால் பெரும்பாலும் நாயகனாகவே நிற்கப் பார்த்தார். அரசியல் கொஞ்சம் கைகொடுத்தது. 1991இல் புது தில்லித் தொகுதியில் எல்.கே. அத்வானியிடம் வெறும் 1,589 வாக்குகளில் தோற்றார். அத்வானி காந்திநகரை வைத்துக்கொண்டு தில்லியை விட்டுவிட, 1992 இடைத்தேர்தலில் சத்ருகன் சின்காவைத் தோற்கடித்து மக்களவைக்குப் போனார். 1996வரை உறுப்பினர்.

கடைசியாக அவர் கேமரா முன் நின்றது 2012இல், ஹேவல்ஸ் மின்விசிறி விளம்பரத்துக்காக. எடுத்தவர் ஆர். பால்கி. உடம்பு உருகி, கன்னம் ஒட்டிப்போன கிழவர் ஒருவர் அரங்கத்துக்குள் நடந்து வருகிறார். என் விசிறிகளை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது, பாபுமோஷாய், என்கிறார். விசிறி என்ற சொல்லின் இரண்டு பொருளும் தமிழில் அப்படியே உட்காருகின்றன. நோயாளியை இப்படிக் காட்டலாமா என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் முதல் முறை பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தை மறைக்காமல் காட்டியதில் ஒரு துணிச்சல் இருந்தது, அது அவருடையது.

ஜூலை 18 அன்று ‘ஆசீர்வாத்’ வீட்டிலேயே இறந்தார். இந்த முறை நிஜப் புற்றுநோய். கடைசி நாட்களில் டிம்பிள் உடனிருந்தார். (வீடு 2014இல் விற்கப்பட்டு, 2016இல் இடிக்கப்பட்டது.) நான்காம் நாள் சடங்கில் கூடியிருந்தவர்களுக்கு ஒரு ஒலிப்பதிவைப் போட்டார்கள். முன்கூட்டியே அவர் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தது. பழைய நினைவுகளில் வாழும் பழக்கம் தனக்கு இல்லை என்று ஆரம்பித்து, நாடகத்திலிருந்து வந்ததைச் சொல்லி, எல்லாருக்கும் நன்றியும் சலாமும் சொல்லி முடிக்கிறார்.

அதைச் செய்தியில் காட்டிய இரவு நான் சித்தி வீட்டில் இருந்தேன். அவருக்குக் காது மந்தமாகியிருந்தது, கற்ற இந்தியும் பெரும்பாலும் மறந்திருந்தது. உதவியாக இருக்கட்டும் என்று நான் வரிக்கு வரி தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். சித்தி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சும்மா இரு, கேட்கிறேன்” என்றார்.