விசாவே வேண்டாத ஊருக்கு ரெண்டு என்ட்ரி விசா ஏன்? ஸ்வால்பார்ட் போக நினைக்கிறவங்களுக்கு

திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அவங்களுக்கு 56 வயசு, வீட்டுக்காரருக்கு 61, மக மியூனிக்ல வேலை பாக்குறாங்க, ஏப்ரல்ல ஒரு மாசம் அங்க போய் இருக்கப் போறாங்க. "ஸ்வால்பார்டுக்கு விசாவே வேண்டாம்னு வீடியோல பாத்தோம், ஜெர்மனி விசா கையில இருக்கு, ஏப்ரல் கடைசில நாலு நாள் போய் அரோராவும் பனிக்கரடியும் பாத்துட்டு வரலாமா, ரெண்டு பேரும் சைவம், குளிர் தாங்குமா, எங்க தங்குறது" இதுதான் கேள்வி. ஸ்வால்பார்ட்னா நார்வேக்கு வடக்க, வட துருவத்துப் பக்கமா இருக்கற தீவுக்கூட்டம்; அரோரான்னா ராத்திரி வானத்துல ஆடற வண்ண வெளிச்சம்.

அம்மா, மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல உங்க பாஸ்போர்ட்டை எடுத்து அந்த விசா ஸ்டிக்கரைப் பாருங்க. அதுல நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்னு ஒரு கட்டம் இருக்கும், எத்தனை தடவை உள்ள வரலாம்னு அர்த்தம், அதுல 01, 02, இல்லேன்னா மல்ட் (பல தடவை) இந்த மூணுல ஒண்ணு அச்சடிச்சிருக்கும். 02, இல்லேன்னா மல்ட்னு இருந்தா தொடர்ந்து படிங்க. ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் தனித்தனியா பாருங்க, ஒரே நாள்ல சேர்ந்து அப்ளை பண்ணவங்களுக்கே வேற வேற மாதிரி குடுத்து நான் பாத்திருக்கேன். யாராவது ஒருத்தருக்கு 01னு இருந்தா இந்த விசால ஸ்வால்பார்ட் வேண்டாம்.

ஏன்னு சொல்றேன், ஏன்னா இந்த ஒரு விஷயத்துலதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம்ங்கிறது உண்மைதான். 1920ல பாரிஸ்ல போட்ட ஒப்பந்தப்படி தீவுக்கூட்டம் நார்வேக்குச் சொந்தம், ஆனா கையெழுத்துப் போட்ட நாட்டு மக்கள் எல்லாருக்கும் அங்க சம உரிமை, அந்த லிஸ்ட்ல இந்தியாவும் உண்டு. அதனால 2001ல நார்வே ஷெங்கன்ல (ஒரே விசால சுத்தி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளோட கூட்டு) சேர்ந்தப்பவும் ஸ்வால்பார்டை மட்டும் வெளியவே வச்சுட்டாங்க. இங்கதான் சிக்கலே. நீங்க மியூனிக்ல இருந்து ஓஸ்லோ போறப்ப யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க, எல்லாம் ஒரே ஷெங்கன். ஓஸ்லோலயோ, வட நார்வேல இருக்கற ட்ராம்சோலயோ இருந்து ஸ்வால்பார்டோட முக்கிய ஊரான லாங்கியர்பியனுக்கு ஃப்ளைட் ஏறும்போது மட்டும் பாஸ்போர்ட் கவுன்டர் தாண்டணும், அந்த நிமிஷமே நீங்க ஷெங்கனை விட்டு வெளிய போயிட்டீங்கன்னு கணக்கு. திரும்பி வரும்போது அது ரெண்டாவது என்ட்ரி. 01 விசான்னா முதல் என்ட்ரி ஏற்கனவே மியூனிக்லயே செலவாயிடுச்சு, ஸ்வால்பார்ட்ல இருந்து நார்வே வழியா இல்லாம நம்ம ஊருக்கு வர்றதுக்கு சாதாரண ஃப்ளைட்டும் கிடையாது.

ஒரு குடும்பத்துக்கு இது நேராவே நடந்துச்சு. ஓஸ்லோ கவுன்டர்ல இருந்த ஆபீசர் நல்ல மனுஷன், ஸ்டாம்ப் குத்துறதுக்கு முன்னாடி நிறுத்தி, "போகலாம், ஆனா திரும்பி வர உங்ககிட்ட அனுமதி இல்லையே"ன்னு சொல்லிட்டார். ரூம், நாய்ங்க இழுக்கற பனி வண்டி டூர், ஃப்ளைட் எல்லாமே ரீஃபண்ட் இல்லாத புக்கிங். அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்த கண்ணாடி பக்கத்துல கையில பாஸ்போர்ட்டோட நின்னதை நினைச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கு. 90 யூரோ விசா ஃபீஸ் கட்டி அப்ளை பண்ணும்போதே ஸ்வால்பார்ட் பிளானை கவரிங் லெட்டர்ல எழுதி, போற டிக்கெட் வர்ற டிக்கெட் ரெண்டோட ரிசர்வேஷனையும் சேர்த்து வச்சு, ரெண்டு என்ட்ரி வேணும்னு கேட்டிருந்தா போதும்.

இன்னொண்ணு, விசா கடைசி தேதியையும் பாருங்க. ஸ்வால்பார்ட்ல இருந்து திரும்பி வர்ற நாள் அந்த தேதிக்குள்ள இருக்கணும், புயல் வந்து ஃப்ளைட் ஒரு நாள் தள்ளிப்போனாலும் உள்ள இருக்கணும், அதனால ரெண்டு மூணு நாள் இடைவெளி விடுங்க. அங்க முழுசா தங்குற நாளெல்லாம், ஷெங்கனுக்குள்ள அதிகபட்சம் தங்கலாம்ங்கிற 90 நாள் கணக்குல வராது, வெளிய போற நாளும் உள்ள வர்ற நாளும் மட்டும் வரும். 2025 அக்டோபர் 12ல இருந்து ஸ்டாம்ப்புக்குப் பதிலா கம்ப்யூட்டர்லயே போட்டோ, கைரேகை எடுத்து பதியற முறையைக் கொண்டு வந்திருக்காங்க, அதனால ஸ்டாம்ப் தெளிவா விழல, கவனிக்கல அப்படிங்கிற கதையெல்லாம் இனிமே இல்ல.

சரி, விசா மல்ட்னே வச்சுக்குவோம். அடுத்தது நீங்க சொன்ன தேதி. ஏப்ரல் கடைசில அரோரா பாக்க முடியாதும்மா, சத்தியமா முடியாது. லாங்கியர்பியன் 78 டிகிரி வடக்குல இருக்கு, ஏப்ரல் 20 வாக்குல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 22 வரைக்கும் அங்க சூரியனே மறையாது. ராத்திரி 12 மணிக்கு கர்ட்டனை விலக்கினா மத்தியானம் மாதிரி வெயில் அடிக்கும். ராத்திரியே இல்லாத ஊர்ல அரோரா எப்படி தெரியும்? இன்னும் வடக்க போனா இன்னும் நல்லா தெரியும்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு, அதுவும் சரியில்ல. அரோரா வட துருவத்தைச் சுத்தி ஒரு வளையம் மாதிரி வரும், ட்ராம்சோ அந்த வளையத்துக்கு நேர் கீழ இருக்கு, ஸ்வால்பார்ட் பெரும்பாலும் அதையும் தாண்டி உள்பக்கமா போயிடுது. அதனால அரோராதான் ஆசைன்னா ட்ராம்சோதான், அது ஷெங்கனுக்குள்ளயே இருக்கறதால 01 விசாக்காரங்களும் தாராளமா போகலாம்.

பனிக்கரடியைப் பத்தியும் மறைக்காம சொல்லிடறேன். ஊரை விட்டு வெளிய போற ரோட்டோரத்துல கரடி படம் போட்ட முக்கோண போர்டு ஒண்ணு நிக்கும், அதுக்குக் கீழ "யெல்டர் ஹேல ஸ்வால்பார்ட்"னு நார்வே மொழில எழுதியிருக்கும், ஸ்வால்பார்ட் முழுக்கவும் இது பொருந்தும்னு அர்த்தம். எல்லாரும் அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறாங்க, ஆனா அது அழகுக்கு வச்சது இல்ல, 2020 ஆகஸ்ட்ல ஏர்போர்ட் பக்கத்துல இருக்கற கேம்பிங் இடத்துலயே கரடி ஒருத்தரைக் கொன்னுருக்கு. துப்பாக்கி வச்சிருக்கற கைடு இல்லாம அந்த போர்டைத் தாண்டாதீங்க. 2025 ஜனவரில இருந்து சட்டமும் இறுக்கமாயிடுச்சு, கரடிகிட்ட இருந்து 300 மீட்டர் தள்ளியே இருக்கணும், மார்ச் 1ல இருந்து ஜூன் 30 வரைக்கும் 500 மீட்டர். அரை கிலோமீட்டர் தூரத்துல, வெள்ளைப் பனி மேல லேசா மஞ்சளடிச்ச ஒரு புள்ளி, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா. கரடியைத் தேடிப் போறதும் பின்னாடி போறதும் குத்தம். ஏர்போர்ட்ல லக்கேஜ் பெல்ட் நடுவுல பதப்படுத்தின கரடி ஒண்ணு நிக்குது, முக்கால்வாசி பேர் பாத்துட்டு வர்ற கரடி அது ஒண்ணுதான். ஆனா கலைமான் கண்டிப்பா பாப்பீங்க. அந்த ஊருக்கே உரிய குட்டைக் கால் கலைமான், முன்னங்காலால பனியை நோண்டி அடியில இருக்கற பாசியைத் தின்னுகிட்டு வீட்டு வாசல்லயே நிக்கும், நம்மைப் பாத்தா ஓடக்கூட ஓடாது.

அதனால என் யோசனை இது. முடிஞ்சா பயணத்தை மார்ச் முதல் வாரத்துக்கு நகர்த்துங்க. முதல்ல ட்ராம்சோல மூணு ராத்திரி, அரோராவுக்கு. அங்கிருந்து நேரா லாங்கியர்பியன், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். மார்ச் 8க்கு அங்க இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. நாலு மாசம் இருட்டுல கிடந்த ஊருக்கு சூரியன் திரும்பி வர்ற நாள் அது. சூரியன் பிப்ரவரி நடுவுலயே அடிவானத்துக்கு மேல வந்துடும், ஆனா சுத்தி மலை இருக்கறதால வெளிச்சம் ஊருக்குள்ள விழ மார்ச் 8 ஆயிடும். பழைய ஆஸ்பத்திரி இருந்த இடத்துல படிக்கட்டை மட்டும் விட்டு வச்சிருக்காங்க, ஊரே அங்க கூடி நின்னு அந்த முதல் வெளிச்சம் படிக்கட்டுல படறதுக்குக் காத்திருக்கும், பசங்க முகத்துல மஞ்சளா சூரியன் வரைஞ்சுகிட்டு வந்து நிப்பாங்க. பொங்கலுக்கு கிழக்க பாத்து நின்ன நமக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. ஏப்ரல் கடைசிதான் முடியும்னாலும் போங்க, பனி நிறைய இருக்கும், வெளிச்சம் அருமையா இருக்கும், அரோராவை மட்டும் கணக்குல இருந்து எடுத்துடுங்க.

குளிர் தாங்கும். மார்ச்ல மைனஸ் 15, 20 சாதாரணம், காத்து அடிச்சா இன்னும் கடுமையா தெரியும். மேல போடற கனமான சூட், பூட்ஸ், கையுறையெல்லாம் டூர் நடத்தறவங்களே குடுப்பாங்க, அதை இங்கிருந்து காசு போட்டு வாங்காதீங்க. உள்ள போடறதுதான் முக்கியம். பனியன் ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொல்றேன்னு நினைக்காதீங்க, காட்டன் அங்க ஆகவே ஆகாது, வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே உடம்போட ஒட்டிக்கிடக்கும், அந்த ஈரம்தான் ஆளை உறைய வைக்கும். மெரினோ கம்பளி இன்னர் ஆளுக்கு ரெண்டு செட், கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி. சாக்ஸ் கிழியாம இருக்கட்டும், ஏன்னா அங்க ஹோட்டல், மியூசியம்னு நிறைய இடத்துல செருப்பைக் கழட்டி வாசல்லயே விட்டுட்டுதான் உள்ள போகணும், நிலக்கரித் தொழிலாளிங்க பூட்ஸ் கரியோட வந்த காலத்துல இருந்து வந்த பழக்கம்.

உங்க வயசுக்கு ஸ்னோமொபைல் (பனில ஓட்டற பைக் மாதிரி வண்டி) வேண்டாம், முதுகை வாங்கிடும். நாய் வண்டில ஒருத்தர் உக்காந்துக்கலாம், ஓட்டறவர் மேட்டுல இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், அதனால கைடு ஓட்டற டூரா கேட்டு எடுங்க. செயின் சக்கரம் வச்ச, ஹீட்டர் இருக்கற பெரிய வண்டில பனிக்குகைக்கும் மலைக்கும் கூட்டிட்டுப் போறாங்க, அது ரொம்ப சௌகரியம். உலக நாடுகளோட விதைகளைப் பாதுகாத்து வைக்கிற விதை பெட்டகத்தைப் பாக்க ஆசையா இருக்கும், 2008ல திறந்தது, நம்ம நாட்டு விதைகளும் உள்ள இருக்கு, ஆனா உள்ள விட மாட்டாங்க, கதவு வரைக்கும்தான்.

தங்கறதுக்கு நடு ஊர்ல ஸ்வால்பார்ட் ஹோட்டல் நல்லது, கடை எல்லாம் நடக்கற தூரம். ஃபங்கன் லாட்ஜ் அதைவிட வசதி, கொஞ்சம் மேட்டுல, விலையும் அதுக்கு ஏத்த மாதிரி. கோல் மைனர்ஸ் கேபின்ஸ் விலை குறைவுன்னு உடனே புக் பண்ணிடாதீங்க, அது பள்ளத்தாக்கோட கடைசில நிபியன்ல இருக்கற பழைய தொழிலாளர் குடியிருப்பு, பாத்ரூம் பொது, ஊருக்கு ரெண்டு கிலோமீட்டருக்கு மேல பனில நடக்கணும். இளவட்டங்களுக்கு சரி, உங்களுக்கு வேண்டாம். சைவத்துக்கு கிச்சன் இருக்கற ரூமா பாத்தா நிம்மதி, ஊர்ல ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் இருக்கு, காய்கறி அரிசி எல்லாம் கிடைக்கும், விலைதான் கண்ணைக் கட்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல் இங்கிருந்து எடுத்துக்கோங்க. நெய், பால் பவுடர், பால்கோவா மட்டும் வேண்டாம், ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்ற பால் பொருளை உள்ள விட மாட்டாங்க, மியூனிக்லயே எடுத்துடுவாங்க.

கடைசியா இன்சூரன்ஸ். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ பாலிசில ஷெங்கன் நாடுகள்னு மட்டும் போட்டிருந்தா அது ஸ்வால்பார்டுக்குப் பொருந்தாம போகலாம், கம்பெனிக்கு மெயில் போட்டு ஸ்வால்பார்ட் பேரை எழுத்துல வாங்குங்க, தேடி மீட்கற செலவும் அதுல இருக்கணும். அங்க இருக்கற ஆஸ்பத்திரி சின்னது, பெரிய பிரச்சனைன்னா விமானத்துலதான் ட்ராம்சோவுக்குக் கொண்டு போவாங்க. ஐயாவுக்கு பிரஷர், சுகர் மாத்திரை இருந்தா பத்து நாளைக்குக் கூடுதலா, கேபின் பேக்ல. திரும்பும்போது ஓஸ்லோல ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்க, லாங்கியர்பியன்ல இருந்து வந்த அதே நாள்ல வேற டிக்கெட்ல மியூனிக்கோ சென்னையோ கிளம்பற மாதிரி போடாதீங்க. ஸ்டிக்கர்ல என்ன இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க, 01னா ட்ராம்சோவையும் லொஃபோட்டன் தீவையும் சேர்த்து எட்டு நாளைக்கு ஒரு பிளான் போட்டுத் தர்றேன்.