‘அவர்கள்’ யார்?

கேள்வி: ஃபேஸ்புக்கில் இரண்டு ரோபோக்கள் யாருக்கும் புரியாத ரகசிய மொழியில் பேசிக்கொண்டதும் பயந்துபோய் மின்சாரத்தையே துண்டித்துவிட்டார்களாமே? சினிமாவில் வருவதுபோல அவர்கள் நமக்கு எதிராகச் சதி செய்யும் நாள் வந்துவிட்டதா?

பதில்: 2017-ல் நடந்த சமாசாரம் அது. ரோபோவெல்லாம் கிடையாது, இரண்டு மென்பொருள்கள். புத்தகம், தொப்பி, பந்து மூன்றையும் பேரம் பேசிப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. பேரம் படிந்தால் மதிப்பெண். ஒழுங்கான ஆங்கிலத்தில் பேசினால் மதிப்பெண் என்று யாரும் வைக்கவில்லை. விளைவு, ஒன்று ‘பந்து எனக்கு எனக்கு எனக்கு எனக்கு’ என்கிற தினுசில் போக, மற்றதும் அதே பாணியில் பதில் சொன்னது. மனிதரோடு பேரம் பேசும் மென்பொருள்தான் ஆய்வாளர்களுக்கு வேண்டியிருந்தது என்பதால் விதியை மாற்றிக்கொண்டார்கள். யாரும் பதறியடித்துக்கொண்டு ஃப்யூஸைப் பிடுங்கவில்லை. இரண்டு கணினிகள் தனி மொழி உண்டாக்கிக்கொண்டு உலகத்தையே மிரட்டும் கதையை 1970-லேயே ‘கொலோசஸ்’ என்று படமாக எடுத்துவிட்டார்கள். பத்திரிகைகளில் தலைப்பு போட்டவர்களுக்கு அந்த மயக்கம் தெளியவில்லை போலிருக்கிறது.

எனக்கு உறுத்துவது உங்கள் கேள்வியில் இருக்கும் ‘அவர்கள்’. மிக்ஸி பழுதானால் ‘அவர் ஓட மாட்டேன் என்கிறார்’ என்பீர்களா? மக்களைச் சுட்டுவது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று தொல்காப்பியர் வேலி போட்டுவிட்டுப் போனார். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதும் இயந்திரத்துக்கு அந்த வேலியைத் திறந்துவிட்டுவிட்டோம். ‘எந்திரன்’ சிட்டியிடம் டிவியைப் போடச் சொன்னால் தூக்கிக் கீழே போடும், சிரித்தோம். சொல் புரியாத இயந்திரம் அது, ஆபத்தில்லை. இன்றைக்கு இருப்பது சொல்லைக் கனகச்சிதமாகக் கையாளும் இயந்திரம்.

இந்த மயக்கம் புதிதுமல்ல. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்றொரு நிரல் எழுதினார். நீங்கள் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், வேறொன்றும் தெரியாது. மாதக்கணக்கில் அவர் அதை எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு இரண்டு வரி பேசியதும், ‘கொஞ்சம் வெளியே இருங்களேன்’ என்று அவரை அறையைவிட்டு அனுப்பினார். வைசன்பாம் வெலவெலத்துப்போனார்.

செயலாளர் ஏமாந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. அதே மயக்கத்தில் லாபம் பார்க்கலாம் என்று தெரிந்ததும்தான் வில்லங்கம். பாட்டி இறந்துபோன துக்கத்தில் பயணம் செய்த ஒருவருக்கு, ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், டிக்கெட் எடுத்த பிறகும் துக்கச் சலுகைக்கு, அதாவது உறவினர் இறந்தால் தரும் கட்டணக் குறைப்புக்கு, விண்ணப்பிக்கலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. பணத்தைக் கேட்டால், ‘அந்தச் சாட்பாட் சட்டப்படி தனி ஆள், அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு’ என்கிற தினுசில் நிறுவனம் வாதாடியது! தீர்ப்பாயம் 2024-ல் அதைத் தள்ளி, நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. உயர்திணை ஆக்கினால் யாருக்கு வசதி என்று புரிகிறதா? தவறு வந்தால் ‘அவர்’ செய்தார் என்று கைகாட்டிவிடலாம்.

2023-ல் நியூயார்க் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அதில் ஒருவர் முன்னெச்சரிக்கையாக ஒன்று செய்திருந்தார்: ‘இந்த வழக்கு உண்மையானதுதானா?’ என்று அதையே கேட்டார். ஆமாம் என்றது. பொய்யும் இல்லை பாவம், பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டுமே! ‘வருந்துகிறேன்’, ‘யோசிக்கிறேன்’ என்று திரையில் வரும்போது அந்த ‘-ஏன்’ விகுதிக்குப் பின்னால் ஆளில்லை. ‘அடுத்த சொல் எதுவாக இருக்கும்’ என்ற கணக்கு இருக்கிறது. அதை நடத்தி, கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் இருக்கிறது.

ரகசிய மொழி எதுவும் வேண்டியிருக்கவில்லை பாருங்கள். எல்லாம் நமக்குப் புரிந்த மொழியில்தான் நடந்தது. சதி செய்கிற ‘அவர்களை’ நீங்கள் தேடத்தான் வேண்டுமென்றால், கட்டண ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.