பனியாற்றில் கம்பு நடுவது எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மத்திய ஆசியாவின் பனியாறுகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2025 மே மாதம் தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயில் பனியாறுகளுக்காகவே ஒரு பெரிய மாநாடு நடந்ததையும், அந்த வட்டார நாடுகள் சேர்ந்து பனியாறுகளை அளக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்தேகம். இன்று செயற்கைக்கோள் எல்லாவற்றையும் படமெடுத்துத் தந்துவிடுகிறது. அப்புறம் ஆட்கள் மலையேறிப் போய் எதற்கு அளக்க வேண்டும்? அந்தப் பணத்தில் ஒழுகும் வாய்க்கால்களைச் சரிசெய்யலாமே? இன்னொன்று, தண்ணீர் குறைந்தால் நாடுகள் அடித்துக்கொள்ளத்தான் போகின்றன. அளந்துவிட்டால் மட்டும் பகிர்ந்துகொள்வார்களா?

க.

அன்புள்ள க.,

உங்கள் இரண்டாவது கேள்விதான் பெரியது. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதற்குள் போக முடியாது.

பனியாறு எவ்வளவு இளைத்திருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லும்போது, அது பெரும்பாலும் மேற்பரப்பின் உயரத்தைத்தான் ஒப்பிடுகிறது. பத்து வருடத்துக்கு முன் இருந்த உயரம், இன்றைய உயரம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தண்ணீர்க் கணக்காக மாற்ற அடர்த்தி தெரிய வேண்டும். நேற்று விழுந்த பனியும் நூறு வருடம் இறுகிய பனிக்கட்டியும் ஒரே எடை இல்லை. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. ஒரு வருடம் குளிர்காலத்தில் நிறையப் பனி பெய்து, கோடையில் அதே அளவு உருகியிருக்கலாம். இன்னொரு வருடம் கொஞ்சம் பெய்து கொஞ்சமே உருகியிருக்கலாம். வருடக் கடைசியில் பனியாற்றின் உயரம் இரண்டு முறையும் ஒன்றுதான். ஆனால் கீழே பருத்தி போட்டிருப்பவருக்கு வந்து சேர்ந்த தண்ணீர் ஒன்றல்ல.

இதைப் பிரித்துச் சொல்ல ஆள் போகத்தான் வேண்டும். பனிக்கட்டியில் துளையிட்டுக் கம்புகளை நடுகிறார்கள். கோடை முடிந்ததும் போய், கம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். மேல்பகுதியில் குழி தோண்டி, பனியை எடைபோட்டு அடர்த்தி பார்க்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்ப, வருடம் தவறாமல் செய்ய வேண்டும். செயற்கைக்கோள் கணக்கு சரியா என்று சோதித்துப் பார்ப்பதும் இந்த அளவுகளை வைத்துத்தான்.

கஜகஸ்தானில் அல்மாட்டி நகருக்கு மேலே இருக்கும் துயுக்சு பனியாற்றில் 1957 முதல் இப்படி அளக்கிறார்கள். உலகில் இவ்வளவு நீண்ட தொடர் உள்ள பனியாறுகள் மிகக் குறைவு. கிர்கிஸ்தானின் அப்ரமோவ் பனியாற்றில் 1960களின் இறுதியில் ஒரு நிலையம் அமைத்து முப்பது வருடம் அளந்தார்கள். 1999இல் ஆயுதக் குழு ஊடுருவியபோது அந்த நிலையம் அழிந்தது. மறுபடி அளவெடுப்பு தொடங்கியது 2011இல். அதே நாட்டின் கொலுபின் பனியாற்றில் 1994இல் நின்ற அளவெடுப்பு 2010இல்தான் தொடர்ந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து சம்பளம் கொடுக்க ஆள் இல்லாமல் போன காலம் அது. நடுவில் விட்டுப்போன வருடங்களைப் பழைய படங்களையும் கணினி மாதிரிகளையும் வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். அந்த வருடத்துப் பனியை மறுபடி போய் எடைபோட வழியில்லை.

சரி, இதில் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகள் (கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், உஸ்பெகிஸ்தான்) எங்கே வருகின்றன? அப்ரமோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பனி இருப்பது கிர்கிஸ்தானில். உருகிய நீர் தஜிகிஸ்தானுக்குள் இறங்கி வக்ஷ் ஆற்றில் சேர்கிறது, அங்கிருந்து ஆமூ தர்யா என்னும் பெரிய ஆற்றின் வழியாகத் துர்க்மெனிஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போகிறது. மேலே ஒருவர் அளந்து கீழே மூன்று பேர் பயன்படுத்த வேண்டிய எண் அது. அந்த ஆறுகளில் ஓடும் நீரில் பெரும்பங்கு பருவப் பனி உருகி வருவதுதான், உண்மை. ஆனால் பனிப்பொழிவு பொய்த்த வருடத்தில், ஜூலை ஆகஸ்ட் வெயிலில், கைகொடுப்பது பனியாறு. அந்தக் கையிருப்பு எவ்வளவு, எத்தனை காலம் தாங்கும் என்று தெரியாமல் வறட்சிக்குத் திட்டம் போட முடியாது.

எண் தெரியாத இடத்தில் சந்தேகம் நுழைந்துவிடுகிறது. இன்னொரு பெரிய ஆறான சிர் தர்யாவின் படுகையில் உள்ள கிர்கிஸ்தானின் டோக்டோகுல் அணை 19.5 பில்லியன் கனமீட்டர் கொள்ளும். மேலே இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் மின்சாரம் வேண்டும், அப்போது திறக்கப் பார்க்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்குக் கோடையில் பாசனம் வேண்டும். சோவியத் காலத்தில் மாஸ்கோ இதை ஒரே கணக்கில் முடித்துவைத்தது. பிறகு 1998இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கோடையில் தண்ணீர் விட்டால் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் எரிவாயுவும் தருவது என்று. அது ஒழுங்காக நடக்கவில்லை. இந்த வருடம் நீர் குறைவு என்று மேலே சொன்னால், பதுக்குகிறார்கள் என்று கீழே நினைப்பார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து எடுத்த அளவு இருந்தால் அந்தச் சண்டையில் பாதி அடங்கும். மீதிப் பாதி அரசியல், அதைக் கம்பு தீர்க்காது.

அதே 1998இல் ஜூலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிர்கிஸ்தான் மலையில் ஒரு பனியாற்று ஏரி உடைந்தது. வெள்ளம் அடித்துப்போனது ஷாஹிமர்தானை. அது சுற்றிலும் கிர்கிஸ்தான் நிலத்தால் சூழப்பட்ட உஸ்பெகிஸ்தான் பகுதி. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏரி ஒரு நாட்டில், பலியானவர்கள் இன்னொரு நாட்டில். இதைப் படித்த பிறகு ஏரிகளைக் கண்காணிக்கும் செலவை நான் வீண் என்று எண்ணவே இல்லை.

வாய்க்கால் பற்றி நீங்கள் சொல்வது சரி. உஸ்பெகிஸ்தானில் எடுக்கப்படும் நீரில் ஏறக்குறைய 90 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. துர்க்மெனிஸ்தானின் கரகும் கால்வாய் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தில் ஓடுகிறது, பெரும்பகுதி வெறும் மண்கரை. ஆரல் கடல் வற்றியதில் இந்த மாதிரிக் கால்வாய்களின் பங்கு பெரிது. அவற்றைச் சரிசெய்ய வேண்டும், அதில் தாமதமே கூடாது. ஆனால் கால்வாய்க்கு ஆகும் செலவின் பக்கத்தில் பனியாற்றை அளக்க ஆகும் செலவு ஒரு செலவே இல்லை. வெளிநாட்டு உதவித் திட்டம் முடிந்ததும் அளவெடுப்பும் முடிந்துபோவதுதான் எனக்குக் கவலை. அங்கேயே படித்த இளைஞர்களுக்கு, அங்கேயே நிரந்தர வேலையும் சம்பளமும் வேண்டும்.

பகிர்ந்துகொள்வார்களா என்று கேட்டீர்கள். ஓரிடத்தில் பகிர்ந்திருக்கிறார்கள். சூ, தலாஸ் ஆறுகளின் அணைகளும் கால்வாய்களும் கிர்கிஸ்தானில் இருக்கின்றன, கஜகஸ்தானும் அவற்றின் நீரைப் பயன்படுத்துகிறது. 2000இல் போட்ட ஒப்பந்தப்படி பராமரிப்புச் செலவில் கஜகஸ்தான் தன் பங்கைக் கொடுக்கிறது, கூட்டு ஆணையம் ஒன்று கணக்கைப் பார்க்கிறது. கொலுபின் பனியாற்று நீரும் சூ படுகையைச் சேர்ந்ததுதான். எனக்கு நம்பிக்கை தருவது துஷான்பே மாநாட்டைவிட இந்தச் சிறிய ஏற்பாடுதான்.

ஆமூ தர்யாவில் அப்படி இல்லை. 1992இல் ஐந்து நாடுகள் போட்ட நீர் உடன்பாட்டில் ஆப்கானிஸ்தான் கிடையாது. அவர்கள் 2022 முதல் கோஷ் தேபா கால்வாயை வெட்டி வருகிறார்கள், 285 கிலோமீட்டர் திட்டம். வறட்சியில் அடிபட்ட அந்த மக்களுக்கும் ஆற்றில் உரிமை உண்டு. ஆனால் அவர்கள் எடுக்கப்போகும் நீரும் மேலே சுருங்கும் பனியும் இன்றுவரை ஒரே மேஜையில் வைத்துப் பேசப்படவில்லை. உங்கள் பயம் உண்மையாகிவிடக் கூடிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.