உலக வர்த்தகத்துக்குக் கதவைத் திறந்தால் ரேஷனும் பென்ஷனும் போய்விடுமா?

பாதி உண்மை. அது எந்தப் பாதி என்று சொல்ல நான் பர்மாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. காரைக்குடிக்காரனுக்கு எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஐயா 1920களின் கடைசியில், வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாக, பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போனவர். கீழ் பர்மாவில் விளைந்த நெல் கப்பலேறும், விதைக்கப் பணம் நம் ஊர் வட்டிக்கடையிலிருந்து போகும். 1930 வாக்கில் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்ததும், விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியாமல் கடனுக்கு நிலம் கைமாறியது. அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938இல் 25. அடிபட்ட விவசாயிக்கு ரேஷனும் இல்லை, கடன் தள்ளுபடியும் இல்லை. அவன் கோபம் நம் ஆட்கள் மேல் திரும்பாமல் வேறெங்கே போகும்? 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது ஐயா நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். 1948இல் நிலச் சட்டம் வந்து மிச்சத்தையும் முடித்துவிட்டது. முதலாளி வீட்டு வளவில் பர்மா தேக்குத் தூண் இன்னும் நிற்கிறது. எங்களுக்கு மிஞ்சியது ஒரு தகரப்பெட்டி, மூடியில் ‘ரங்கூன்’ என்று பெயின்டில் எழுதியதில் பாதி உதிர்ந்துவிட்டது.

டானி ரோட்ரிக் என்ற பொருளாதார அறிஞர் 1998இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: வெளி வர்த்தகம் அதிகமுள்ள நாடுகளில் அரசின் செலவும் அதிகமாகவே இருக்கிறது. டென்மார்க்கையும் சுவீடனையும் பாருங்கள். வெளிச்சந்தை ஆடும்போது விழுகிறவனைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லாவிட்டால் சனங்கள் கதவையே சாத்திவிடுவார்கள்.

சரி, உண்மையாக இருக்கும் அந்தப் பாதி? தாங்கிப்பிடிக்கக் காசு வேண்டும். மூலதனத்துக்குக் கால் உண்டு, வரி குறைவான ஊருக்கு நடந்துவிடும் (எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை). 2019இல் இங்கே, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரியை 30இலிருந்து 22 சதவீதமாக இறக்கினார்கள். இந்தப் போட்டி போகிற போக்கைப் பார்த்துத்தான், பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு 15 சதவீதமாவது வரி என்று 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. ஓட முடிந்தவன் கட்டாததை ஓட முடியாதவன் கட்ட வேண்டும், சோப்பு வாங்கும்போது ஜிஎஸ்டியாக. நலத்திட்டம் அப்படியே இருக்கும், அதற்குப் பணம் தருகிற ஆள்தான் மாறிவிடுவான். என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

அப்புறம் எங்கள் ரேஷன் கடைப் பாமாயில். கார்டுக்கு ஒரு லிட்டர் பாக்கெட், 25 ரூபாய். இந்தியாவுக்கு வரும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவிலிருந்துதான். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது, மூன்று வாரத்துக்கு மேல். ரேஷனில் அந்த 25 ரூபாய் மாறவில்லை, வித்தியாசத்தை அரசு போட்டுக்கொண்டது. வெளிக்கடையில் டின் கணக்கில் வாங்கித் தேன்குழல் சுட்டு விற்கிற எங்கள் தெரு ஆச்சிதான் அந்த மாதம் பாதி நாள் அடுப்பே பற்றவைக்கவில்லை.