தோள் தாங்குமா? பெருந்துளை ரைபிள் வாங்க நினைப்பவர்களின் கேள்விகள்

கொழும்பில் இருந்துகொண்டு எருமைத் துவக்கு பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு கால் இங்கும் மற்றக் கால் டார்வினிலோ ரொறன்ரோவிலோ வைத்திருக்கும் குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நீண்டவற்றைச் சுருக்கி, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஜொகனஸ்பேர்க்கில் வேலை செய்யும் மைத்துனர் அடுத்த வருடம் காட்டெருமை வேட்டைக்கு அழைக்கிறார். எனக்கென்று ஒரு ரைபிள் வாங்கிவிடச் சொல்கிறார். .375, .416, .458 என்று மூன்று எண்கள் சொன்னார். எதை வாங்க? (வெள்ளவத்தை)

அந்த எண்கள் சன்னத்தின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். ஆனால் எண்ணுக்கு முதல் ஒரு விஷயம். தென்னாபிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவரோ அல்லாதவருக்குத் துவக்கு உரிமம் கிடைக்காது. ஆகவே நீங்கள் அங்கே போய் வாங்கி மைத்துனர் வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. வேட்டையை ஒழுங்கு செய்யும் நிறுவனங்கள் நாள் வாடகைக்கு ரைபிள் தருகின்றன. ஒரே ஒரு வேட்டைக்குப் போகிறவருக்கு அதுதான் சரி. மிச்சம் பிடிக்கும் காசைத் தோட்டாவுக்குச் செலவழியுங்கள்.

சரி, எதை வாடகைக்குக் கேட்பது? .375. ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட தோட்டா அது. 300 கிறெயின் (ஏறத்தாழ 19 கிராம்) சன்னம், வினாடிக்கு ஏறத்தாழ 2,500 அடி வேகம், குழல் வாயில் 4,200 அடி-இறாத்தல் சக்தி. ஜூல் கணக்கில் 5,700-ஐத் தொடும். நமீபியாவில் எருமைக்குச் சட்டம் கேட்பது 5,400 ஜூல். ஆபிரிக்காவில் பல இடங்களில் ஆபத்தான மிருகங்களுக்கு .375-தான் கீழ் எல்லை. அதாவது சட்டத்தின் வாசலை அது தாண்டுகிறது. ஆனால் உங்கள் தோளை உடைக்கும் அளவுக்குப் போகவில்லை.

.416 ரிக்பி 1911-இல் வந்தது, 400 கிறெயின், 5,000 அடி-இறாத்தல். வின்செஸ்டரின் .458 1956-இல் வந்தது, 500 கிறெயின். காகிதத்தில் இரண்டும் .375-ஐ விட மேலே நிற்கும். எருமை திரும்பி உங்களை நோக்கி வரும் நேரத்தில் காகிதத்துக்கு வெளியிலும் மேலேதான். அதனால்தான் தொழில்முறை வேட்டை வழிகாட்டிகளில் பலர் .416-ஐயும் .458-ஐயும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். வருவதை நிறுத்துவது அவர்களுடைய வேலை. உங்களுடைய வேலை முதல் வெடி. நாற்பதிலிருந்து நூறு மீற்றர் தூரத்தில் அசையாமல் நிற்கும் மிருகத்தின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும்.

அந்த முதல் வெடியைக் கெடுப்பது உதைப்பு. எட்டு இறாத்தல் எடையுள்ள, .30-06 என்ற சாதாரண வேட்டை ரைபிள் உங்களைத் திருப்பி உதைப்பது ஏறத்தாழ 20 அடி-இறாத்தல். .375 என்றால் 40-க்குக் கிட்ட. .416 ரிக்பி 55-ஐத் தாண்டும். வின்செஸ்டரின் .458-ஐ விடச் சக்தி கூடிய .458 லொட் 70 பக்கம் போகும். இரண்டு மூன்று தரம் உதை வாங்கிய உடம்பு அடுத்த தரம் நீங்கள் சொல்லுமுன்பே பயப்படும். கண் மூடும், விரல் விசையை வெட்டி இழுக்கும், குழல் கீழே போகும். எண்ணூறு கிலோ எருமைக்கு வயிற்றில் பட்ட .458-ஐ விட நுரையீரலில் பட்ட .375 நூறு மடங்கு மேல். காயத்தோடு புதருக்குள் போன எருமையைத் தேடிப் போகும் ஆள் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள், வழிகாட்டியும் தடம் பார்ப்பவரும்தான். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அப்படி ஒன்றை இங்கே கொண்டுவர முடியாதா? வவுனியாவில் எங்கள் வயலுக்குள் பன்றி இறங்குகிறது. (தெஹிவளை)

விட்டுவிடுங்கள். 1916-ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ரைபிள் கொண்டுவருவது பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் நடக்காது. யானையையும் மானையும் மரையையும் 1937-ஆம் ஆண்டு வன விலங்குச் சட்டம் காக்கிறது. பொழுதுபோக்கு வேட்டை என்ற ஒன்று இந்த நாட்டில் இல்லை. பயிர்க் காவலுக்கு என்று கொடுக்கப்படுவது 12 போர் துவக்கு. அது போதும். பன்றியைத் தவறவிட்ட .375 சன்னம் அடுத்த வயலையும் குளக்கட்டையும் தாண்டிக் கிலோமீற்றர் கணக்கில் போகும். அந்தப் பக்கம் யார் சைக்கிளில் வருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஐயா, நான் பெண், உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அவருக்கு டார்வினில் வேலை கிடைத்து இருவரும் போகிறோம். அங்கே எருமை வேட்டை உண்டு என்கிறார்கள். பெரிய ரைபிள் எனக்குச் சரிவராது என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். (கொட்டாஞ்சேனை)

சிரிப்பவர்களில் எத்தனை பேர் .375 சுட்டிருக்கிறார்கள் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள், அம்மா. உதைப்பைத் தாங்குவதற்கு உடம்பின் பருமனை விடத் துவக்கின் அளவு முக்கியம். கடையில் தொங்கும் ரைபிள்களின் பிடங்கு, விசையிலிருந்து தோள் முனை வரை, பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆறடி ஆணுக்கு வெட்டியது. உங்களுக்குப் பன்னிரண்டரை, பதின்மூன்று போதும். நீளமான பிடங்கைத் தோளுக்குள் திணிக்கப் பார்த்தால் அது தோள்பட்டைக் குழியில் உட்காராமல் கையில் உட்காரும்; கன்னத்தில் அடிக்கும்; நீங்களும் பின்பக்கம் சாய்ந்துகொண்டு சுடுவீர்கள். துவக்குத் திருத்துபவரிடம் கொடுத்து அளவாக வெட்டி, நல்ல ரப்பர் மெத்தை ஒன்று பொருத்தச் சொல்லுங்கள். ரைபிளுக்கு நீங்கள் செலவழிக்கும் காசில் அதைவிடப் பலன் தருவது வேறில்லை.

பாரம் குறைந்த ரைபிள் பெண்களுக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னால் கேட்க வேண்டாம். பாரம் குறையக் குறைய உதை கூடும். குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்போடு சேர்த்து ஒன்பது முதல் பத்து இறாத்தல் நல்ல எடை. குழல் முனையில் பூட்டும் பிரேக் உதைப்பைக் கணிசமாகக் குறைக்கும், உண்மை. ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி அருகில் நிற்பவரின் காதைக் கெடுக்கும். பழகும்போது பூட்டுங்கள், வேட்டையில் கழற்றிவிடுங்கள்.

பழகும் முறை இதுதான். மேசையில் உட்கார்ந்து பெரிய ரைபிள் சுட வேண்டாம். உட்கார்ந்த உடம்பு உதைக்கு விட்டுக்கொடுக்காது, முழுவதையும் தோளே வாங்கும். எழுந்து நின்று மூன்று கால் உள்ள தாங்கு தடியில் குழலைச் சாய்த்துச் சுடுங்கள். ஒரு நாளில் .375-இல் ஐந்தாறு வெடிக்கு மேல் வேண்டாம். மிச்ச நேரமெல்லாம் உதை மிகக் குறைந்த சின்ன .22 ரைபிள். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். பிறகு அவரை உங்கள் ரைபிளுக்குள் சில தோட்டாவும் சில வெற்று டம்மித் தோட்டாவும் கலந்து, உங்களுக்குக் காட்டாமல் நிரப்பச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல் துள்ளினால் பயந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே .22-க்குத் திரும்புங்கள். அடுத்தது அவருடைய முறை. அவருக்கும் அதே சோதனையை வையுங்கள்.

.375-உம் கொஞ்சம் கூடவென்று தோன்றினால் 9.3×62 இருக்கிறது. 1905-இல் பெர்லினில் பிறந்த ஜெர்மன் தோட்டா, 286 கிறெயின் சன்னம், உதை மென்மை. வட அவுஸ்திரேலியாவில் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட எருமைகள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றுக்கு இதை நம்பிச் சுடுகிறவர்கள் உண்டு. உரிமத்தைப் பொறுத்தவரை போல்ட் ரைபிள் (ஒவ்வொரு வெடிக்கும் பூட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) அங்கே பி வகுப்பு. ஏன் வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும்.

இரட்டைக்குழல் ரைபிள்தான் அழகு என்று தோன்றுகிறது. காசு பிரச்சினை இல்லை. (பம்பலப்பிட்டி)

அழகுதான். இரண்டாவது வெடிக்கு போல்ட்டை இழுக்கத் தேவையில்லை, ஒன்றில் விசை பழுதானாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் இரண்டு குழல்களும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில், ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு ஒரே இடத்தில் அடிக்கும்படி பட்டறையில் பொறுமையாக ஒட்டப்பட்டவை. தோட்டாவை மாற்றினால் இரண்டும் இரண்டு பக்கம் பார்க்கும். நூறு மீற்றருக்கு அப்பால் பெரும்பாலானவற்றை நம்ப முடியாது. லண்டனில் செய்த நல்ல ஒன்றின் விலைக்கு வெள்ளவத்தையில் வீட்டுக்கு முற்பணம் கட்டலாம்.

.470-ஐப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் இந்தியாவுக்குள் .450 அளவுத் தோட்டாக்கள் போவதைத் தடுத்தார்கள். கிளர்ச்சிக்காரரின் பழைய இராணுவத் துவக்குகளுக்கு அவை உதவிவிடும் என்ற பயம். துவக்குச் செய்பவர்கள் சட்டத்துக்குத் தப்பும் அளவுகளைத் தேடினார்கள். அந்தக் கூட்டத்தில் நிலைத்தது .470. நல்ல தோட்டா. முதல் பெரிய ரைபிளுக்கு அல்ல.

12 போர் துவக்கின் குழல் .375-ஐ விடப் பெரிது. அப்படியென்றால் அதுதானே பெருந்துளை? (மட்டக்குளி)

அளவில் பெரிதுதான். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுதான் 12 போர், .729 அங்குலம். ஆனால் அதில் ஒற்றைச் சன்னம் போட்டுச் சுட்டாலும் மென்மையான ஈயம், குறைந்த வேகம். எருமையின் தோள் எலும்பில் பட்டுத் தட்டையாகும். இந்த நாட்டில் 19-ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர் யானைக்கு 8 போர், 4 போர் என்று தூக்கித் திரிந்ததும் இதனால்தான்: அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்தால் வேகம் வராது, அதனால் ஈயத்தைக் கூட்டினார்கள். 4 போர் உருண்டை ஒன்று கால் இறாத்தல். அப்படி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸை 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் அடித்தது. கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கணக்கை இன்னும் பெருமையாகச் சொல்கிறவர்களை எனக்கு விளங்குவதில்லை.

ஸ்கோப் வேண்டுமா? (கொள்ளுப்பிட்டி)

வேண்டும், சின்னதாக. ஒன்றிலிருந்து நான்கு மடங்கு, கூடினால் ஒன்றரையிலிருந்து ஐந்து. பன்னிரண்டு மடங்கில் இருபது மீற்றரில் நிற்கும் எருமையைப் பார்த்தால் கறுப்பு மட்டும்தான் தெரியும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நான்கு அங்குலமாவது விடக்கூடிய ஸ்கோப்பாகப் பாருங்கள், இல்லாவிட்டால் புருவத்தில் பிறை வடிவில் ஒரு வெட்டு நிச்சயம். குழல் மேலுள்ள முன்குறியும் பின்குறியும் கட்டாயம் இருக்க வேண்டும், ஸ்கோப்பைக் கையாலேயே கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

மென்முனைச் சன்னமா, திடச் சன்னமா? (வத்தளை)

எருமைக்கு முதல் வெடி மென்முனை. அதிலும் உடைந்து சிதறாத வகை: நடுவில் தடுப்புள்ள நொஸ்லர் பார்ட்டிஷன், ஈயமும் உறையும் ஒட்டப்பட்ட ஸ்விஃப்ட் ஏ-பிரேம், முழுச் செம்பு பார்ன்ஸ், இப்படி ஒன்று. திடச் சன்னம் விரியாது, ஒரே நேராகத் துளைத்துக்கொண்டு போகும். யானைத் தலைக்கு அது. எருமைக் கூட்டத்தில் முதல் வெடியே திடமாக இருந்தால் ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். காயப்பட்டு ஓடும் எருமையைப் பின்னாலிருந்து சுட வேண்டி வந்தால் திடம் கைகொடுக்கும், ஆகவே மகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில்) முதலாவதுக்குக் கீழே அதை வைப்பார்கள். இரண்டு வகையும் ஒரே இடத்தில் அடிக்கின்றனவா என்று முதலே இலக்கில் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மகன் மூஸ் என்ற பெரிய மானுக்கும் கரடிக்கும் .458 வாங்கப்போகிறானாம். (வெள்ளவத்தை)

வேண்டாம் என்று சொல்லுங்கள். .30-06-ஐ வைத்து மூஸ் சுட்டுத்தான் அந்த நாடு குளிர்காலத்தைக் கடத்தியது. முதலில் பாதுகாப்பு வகுப்பு, பிறகு உரிமம். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் காத்திருப்பும் உண்டு. 2020-இலிருந்து 10,000 ஜூலுக்கு மேற்பட்ட ரைபிள்கள் அங்கே தடை. .458 அதற்குள் வராது, ஆனாலும் தேவையில்லாத உதை. முகாமில் கரடிப் பயம் என்றால் மிளகாய் ஸ்பிரே ஒன்று வாங்கி இடுப்பில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

பேர்த்தில் குடியேறிய எனக்கு ஒருவர் பழைய பிர்னோ 602-ஐ, .375-இல், மலிவாகத் தருகிறார். எதைப் பார்த்து வாங்குவது? (முன்பு பம்பலப்பிட்டி)

நல்ல ரைபிள். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது, 1898-ஆம் ஆண்டு ஜெர்மன் மவுசர் ரைபிளின் வழியில் வந்தது. மகசினிலிருந்து எழும் தோட்டாவின் அடியை ஒரு நீண்ட நகம் உடனே பிடித்துக்கொள்ளும், அறைக்குள் போகும்வரை விடாது. அவசரத்தில் போல்ட்டைப் பாதி தள்ளிப் பின்னுக்கு இழுத்தாலும் தோட்டா அங்கேயே கிடந்து அடுத்ததோடு சிக்கிக்கொள்ளாது. வின்செஸ்டர் மொடல் 70-இல் 1964-இல் இந்த நகத்தை எடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை, நிறுவனமும் பிற்பாடு திருப்பிப் போட்டது.

முதலில் போல்ட்டைக் கழற்றிக் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துத் துருக்குழி தேடுங்கள். பிறகு இரும்பைப் பிடங்கிலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் நடையைக் கட்டுங்கள். இந்த ரைபிள்களில் மரம் வெடிப்பது இரும்பின் வால் முடியும் இடத்திலும் கை பிடிக்கும் மெல்லிய கழுத்திலும்தான். மயிரிழை போன்ற வெடிப்பும் .375-இன் உதைக்கு வாய் திறக்கும். மகசினை டம்மியால் நிரப்பி மெதுவாகவும் வேகமாகவும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எல்லாம் தடையில்லாமல் போக வேண்டும். பாதுகாப்புப் பூட்டையும் பாருங்கள்: பழைய 602-களில் அது மற்ற ரைபிள்களுக்கு எதிர்ப்பக்கமாக, பின்னுக்கு இழுத்தால் சுடும் நிலைக்குப் போகும். வேறு ரைபிளில் பழகிய விரல் எருமைக்கு முன்னால் தடுமாறும். திருத்துபவர்களால் மாற்ற முடியும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கூடவே ஒரு பெட்டி தோட்டா இலவசம் என்பார், வீட்டில் தானே மருந்து நிரப்பியதாக இருக்கும். பெட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், பித்தளைக் கோதுக்காக மட்டும். உள்ளே இருப்பதை ஒரு திருத்துபவரிடம் கொடுத்துப் பிரித்துவிட்டு, கடையில் புதுத் தோட்டா வாங்கிச் சுடுங்கள்.