ராணுவ அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் முன் உடம்பை எப்படித் தயார் செய்வது? வேறு என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: தேர்வாகிவிட்டீர்கள், பயிற்சி தொடங்க மூன்று மாதம் இருக்கிறது, தினமும் புஷ்-அப் எடுக்கிறீர்கள். அது போதுமா?

போதாது. புஷ்-அப்பை விட வேண்டாம். ஆனால் இந்த மூன்று மாதத்தின் பெரும்பகுதியை முழங்காலுக்குக் கீழே இருக்கும் பகுதிக்குக் கொடுங்கள். நான் அந்தப் பயிற்சியை முடித்தவன். பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் குழுவிலும் இருந்தேன். கைவலு குறைவாக வருகிறவர்கள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். காலில் காயம் வந்தவர்கள்தான் கூட வந்தவர்களை விட்டுப் பிரிந்து, அடுத்த அணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அப்படி ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பது எனக்குப் பழகவே இல்லை. அந்தக் காயங்களில் பலவற்றை முன்கூட்டியே தடுத்திருக்கலாம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஓட ஆரம்பித்தால் மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்புக்கு அவ்வளவு வேகம் கிடையாது. புதிய சுமை வரும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது, அப்புறம்தான் அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் எலும்பு வழக்கத்தைவிடப் பலவீனமாக இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறவருக்கு அந்தப் பலவீனமான நாட்கள், கவாத்தும் ஓட்டமும் நடையும் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் வந்து விழுகின்றன. விளைவு, எலும்பில் மயிரிழை விரிசல். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். இது புதிதாக வந்த நோயும் அல்ல. நீண்ட நடைக்குப் பின் படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855-லேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் எழுதி வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு நாற்பது வருடம் கழித்து. இன்றும் ஆரம்பகட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது.

உங்களுக்கு மூன்று மாதம் இருப்பது நல்ல விஷயம். அந்தக் கரைப்பு, கட்டுமானம் இரண்டையும் ஊரிலேயே, உங்கள் வசதிப்படி, முடித்துக்கொண்டு போகலாம்.

இப்போது ஓட்டப் பழக்கம் இல்லையென்றால் நடையில் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் வேகநடை. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். ஓட்டப் பங்கை வாராவாரம் கொஞ்சம் கூட்டி, நடையைக் குறையுங்கள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அந்த வேகம் போதும். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றுகிற வாரத்தில்தான் ஆசை வந்து தூரத்தை இரட்டிப்பாக்குவார்கள். அந்த வாரத்தில் உங்கள் மூச்சு தயாராகியிருக்கும், எலும்பு தயாராகியிருக்காது. இதை நம்புங்கள்.

இரண்டாவது மாதத்தின் பாதியில், நிறுத்தாமல் அரைமணி நேரம் ஓட முடிந்தால், வாரத்தில் ஒரு நாளை வேகத்துக்கு ஒதுக்கலாம். 400 மீட்டர் வேகமாக, இரண்டு நிமிடம் நடை, மறுபடி 400 மீட்டர். நான்கில் தொடங்கி ஆறு, எட்டு என்று போகலாம். பல நாட்டுப் படைகளில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் தேர்வாக இருக்கிறது. சில இடங்களில் 20 மீட்டர் தூரத்தில் போய்ப் போய்த் திரும்பும் பீப் டெஸ்ட். நீங்கள் சேரும் படையின் தேர்வு எது, தேறும் அளவு எவ்வளவு என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்றபடி பழகுங்கள். வெறுமனே தேறும் அளவோடு போகாதீர்கள். அங்கே கூட்டமாக ஓடும்போது வேகத்தை முடிவு செய்வது நீங்கள் அல்ல. அந்த வேகம் உங்களுக்கு எளிதாக இருந்தால் ஒவ்வொரு காலையும் சாதாரணக் காலை. உங்கள் உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு காலையும் தேர்வு.

ஷூ பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். பாத வளைவின் வடிவத்தைப் பார்த்து அதற்கேற்ற ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கப் படைகளின் அடிப்படைப் பயிற்சியில் பெரிய அளவில் சோதித்தார்கள். குறையவில்லை. அதனால் போட்டு ஓடிப் பார்த்து வசதியாக இருப்பதை வாங்குங்கள், தேய்ந்துபோனதை மாற்றுங்கள், அவ்வளவுதான். ஓடும் முன் நின்று தசையை இழுத்துப் பிடிப்பதும் அப்படித்தான். ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,500-க்கும் மேற்பட்ட புதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. தசையை இழுத்துப் பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் காயத்தில் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிந்தது, வரும்போதே எவ்வளவு ஓட்டத் தகுதியோடு வந்தார்கள் என்பதில்தான்.

இனி சுமை நடை. இதை இரண்டாவது மாதக் கடைசியில், வாரத்துக்கு ஒரு முறை தொடங்கினால் போதும். ஐந்து கிலோவோடு ஒரு மணி நேரம், பிறகு மெல்ல எட்டு, பத்து. சுமையோடு ஓட வேண்டாம். கனமான பொருள் பையின் மேல்பகுதியில் முதுகை ஒட்டி இருக்கட்டும், கீழே தொங்கவிட்டால் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும். தோள்பட்டை வார் நெடுநேரம் அழுத்தினால் அங்குள்ள நரம்பு பாதிக்கப்பட்டுக் கை மரத்துப் போகும், பலமே குறையும். கை மரத்துப்போனால் வாரை உடனே தளர்த்திச் சரிசெய்யுங்கள், பொறுத்துக்கொண்டு நடக்காதீர்கள்.

புஷ்-அப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை: அரைகுறையாக எடுத்தால் அங்கே கணக்கில் சேராது. உடம்பு ஒரே நேர்க்கோட்டில், கீழே முழுதாக இறங்கி, முழங்கை நிமிரும்வரை மேலே. ஒரே மூச்சில் எடுப்பதைவிட நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து எடுத்தால் எண்ணிக்கை வேகமாக ஏறும். புல்-அப் ஒன்றுகூட வராதவர்கள் கம்பியில் தொங்கப் பழகுங்கள், பிறகு முக்காலியில் ஏறி மேலிருந்து மிக மெதுவாக இறங்குங்கள். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது), குதிகால் தூக்கிக் கெண்டைச் சதைக்கான பயிற்சி, இவை வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தால் போதும். பழக்கமில்லாத உடம்பில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்துக் காட்டுவது ஆபத்து. தசை சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடும் வலி, வீக்கம், சிறுநீர் கோலா நிறத்தில் போவது என்று எதைப் பார்த்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெயில் காலத்தில் சேருகிறவர்கள் கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தின் ஒரு பகுதியைச் சூடான நேரத்துக்கு மாற்றுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. உடம்பு வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். தண்ணீர் குடிக்க வேண்டும், ஆனால் அளவில்லாமல் அல்ல. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் விடாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பயிற்சியில் இருந்தவர்கள் அதனால் இறந்திருக்கிறார்கள்.

தூக்கத்தை யாரும் தயாரிப்பில் சேர்ப்பதில்லை. சேருங்கள். இஸ்ரேல் ராணுவத்தில் எலும்பு விரிசலைக் குறைக்கப் பல வருடம் பலவிதமாக முயன்றார்கள். குறைந்தபட்சம் ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கி, நடைத் தூரத்தையும் குறைத்தபோதுதான் விரிசல் நன்றாகக் குறைந்தது. பயிற்சியில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் சேருவதற்கு முந்தைய மாதமே சீக்கிரம் படுத்து விடிவதற்கு முன் எழப் பழகுங்கள். காபியைப் படிப்படியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரம் முழுக்கத் தலைவலி. புகைக்கிறவர்களானால் இன்றே நிறுத்துங்கள். புகைப்பவர்களுக்குப் பயிற்சியில் காயம் அதிகம் என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம்.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்க வேண்டாம். எலும்புக்குக் கட்டுமானப் பொருள் வேண்டிய நேரம் இது. பெண்களுக்கு எலும்பு விரிசல் ஆண்களைவிட அதிகம் வருகிறது, அதனால் அவர்கள் இரும்புச்சத்தையும் வைட்டமின் டி-யையும் முன்பே பரிசோதித்துக்கொள்வது மிக நல்லது. பயிற்சி கூடும்போது மாதவிடாய் நின்றுபோனால், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறி அது, அலட்சியம் வேண்டாம். அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு தினமும் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்ததில் விரிசல் சுமார் 20 சதவீதம் குறைந்தது. இந்த அளவைப் பார்த்து நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

பாதத்துக்கு வருவோம். பூட்ஸ் அங்கே கொடுப்பார்களா, முன்பே வாங்கிப் பழக்கலாமா என்று கேளுங்கள். பழக்கலாம் என்றால் முதலில் வீட்டுக்குள், பிறகு குட்டி நடை, கடைசியில் நீண்ட நடை. நகத்தை நேர்க்கோட்டில் வெட்டுங்கள், ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும். மெல்லிய சாக்ஸ் உள்ளே, தடித்தது மேலே என்று போட்டால் உராய்வு குறையும். சூடாக உறுத்த ஆரம்பித்ததுமே டேப் ஒட்டிவிட வேண்டும், கொப்புளம் எழும்பிய பிறகு தாமதம்தான். எழும்பிவிட்டால் மேல்தோலை உரிக்காதீர்கள்.

நடைமுறை வேலைகளைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். பல்லைக் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு ஜோடி கூடுதலாகவும் பவர் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காயம், ஆஸ்துமா, எடுத்துக்கொள்ளும் மருந்து எதையும் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். சான்றிதழ்கள் அசலும் நகலும் தனித்தனி உறையில். வாடகை, கடன் தவணை, போன் பில் இவற்றைத் தானாகக் கட்டும்படி செய்யுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். போன் கைக்கு வராமல் போகலாம், அதனால் முக்கியமான நாலு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் சில வாரம் அழைப்பு வராது, பயப்பட வேண்டாம் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் போனவர்களின் அம்மாக்கள் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறேன். கொடுத்த பட்டியலில் இருப்பதை மட்டும் எடுத்துப் போங்கள்.

துணி இஸ்திரி போட, பொத்தான் தைக்க, படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரிக்க, பூட்ஸ் பாலிஷ் போட வீட்டிலேயே கற்றுக்கொண்டால் இன்ஸ்பெக்ஷன் நாட்களில் அரைமணி நேரம் மிச்சமாகும். அந்த அரைமணி தூக்கமாகும். பதவிகளின் வரிசை, சின்னங்கள், 24 மணி நேரக் கடிகாரம், ஆல்ஃபா பிராவோ சார்லி என்று போகும் வயர்லெஸ் எழுத்துகள், இவற்றையும் படித்துவிட்டுப் போகலாம். கத்துவார்கள். அது உங்களைத் தனிப்பட வெறுப்பதால் அல்ல, சத்தத்துக்கும் அவசரத்துக்கும் நடுவில் சொன்னதைச் செய்யப் பழக்குகிறார்கள். முதல் தடவை சொல்லும்போதே கவனமாகக் கேட்டால் பாதிச் சுமை குறையும்.

வலியைப் பற்றி ஒன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். உடம்பு முழுக்க அசதியாக, இரண்டு காலிலும் பரவலாக வலித்தால் அது தசை, போய்விடும். விரல் வைத்து இதுதான் என்று காட்டக்கூடிய ஒரே புள்ளியில் எலும்பு வலித்தால், ஓடும்போது கூடிக்கொண்டே போனால், இரவில் படுத்த பிறகும் இருந்தால், மறுநாளே மருத்துவ அறையில் சொல்லுங்கள். கவட்டைப் பக்கம் காலை ஊன்றும்போது வலித்தால் அன்றே சொல்லுங்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசலாக இருக்கலாம், அது முழுதாக உடைந்தால் அறுவை சிகிச்சைதான். அணியை விட்டுப் பின்தங்கிவிடுவோமோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மறைக்கிறவர்கள், வாரக்கணக்கில் ஆற வேண்டியதை மாதக்கணக்காக ஆக்கிக்கொள்கிறார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். உச்சபட்சம் எவ்வளவு வருகிறது என்று சோதித்துப் பார்க்கும் வேலையெல்லாம் அந்த வாரத்தில் வேண்டாம். இந்த மூன்று மாதத்தில் ஏதாவது காயம் வந்து ஆறாமல் இருந்தாலோ, அரைமணி நேரம் நிற்காமல் ஓடும் நிலைக்கு வரவில்லை என்றாலோ, ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் அடுத்த அணிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் முடியாது, ஆனால் கேட்பதில் தவறே இல்லை.