சீமைக்கருவேலங்காட்டில் பண்ணைக்குட்டை: முதலில் வேர்

வணக்கம் நண்பரே. சிவகங்கைப் பக்கம் அரை ஏக்கரில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, வெட்டி எரித்துவிட்டுக் குட்டை தோண்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தரையோடு வெட்டினால் அடிக்கட்டை துளிர்த்து முன்பைவிட அடர்த்தியாக வரும். பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்குங்கள். எரிக்கவும் வேண்டாம், விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் கேட்டு ஆள் வருவார்கள்.

பிடுங்கிய வேரைக் கரைக்குள் போட்டு மட்டும் மூடிவிடாதீர்கள். அது மட்கியதும் உள்ளே பொந்து விழும், அதன் வழியே தண்ணீர் கசிந்து கரையே உடையும். கரை எழும்பும் இடத்தில் புல்லையும் மேல்மண்ணையும் வழித்தெடுத்து, தரையைக் கொத்திவிட்டபின் மண் போடுங்கள். அரையடி அரையடியாகப் பரப்பி, லேசாக ஈரம் காட்டி இறுக்க வேண்டும். வண்டிக்காரர் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகப் பார்ப்பார், கூடவே நில்லுங்கள். வழித்த மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள். கடைசியில் கரைமேல் பரப்பி வெட்டிவேர் நடலாம்.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் நடுவில் ஆறேழடிக்கு ஒரு சோதனைக்குழி எடுங்கள். ஈரமண்ணை உருட்டினால் உடையாமல் திரிபோல் நீள வேண்டும். சரளையாக வந்தால் இடத்தை மாற்றுவதுதான் நல்லது, தண்ணீர் நிற்காது. களிமண்ணானால் குட்டையின் பக்கங்களுக்கு ஓரடி ஆழத்துக்கு ஒன்றரையடி அகலத்தில் சரிவு போதும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கரை வேலையை முடித்துவிடுங்கள். முதல் மழைக்குக் கருவேல விதைகள் முளைக்கும். கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடலாம்.